அறியாமை வாணிகம்

அறியாமை என்பது யாது? அறிவு இல்லாமையே அறியாமை என்று விடை கூறுதல் எளிது. விளக்கில்லாத இடத்து இருள் இருத்தல்போலக் கல்வி சென்று சேராத இடத்து அறியாமை இருக்கின்றதென்றும், பாடசாலை ஒன்றைத் திறந்து ஆசிரியர் ஒருவரை அமர்த்திவிட்டால் அது தானே நீங்குமென்றும் நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். நமுனுகுலச் சாரலிலுள்ள தோட்டப் பாடசாலைகளில் முப்பதாண்டு கரும்பலகையின் முன் நின்றபின் அவ்வெண்ணத்தைக் கைவிட வேண்டியவரானோம். அதற்குக் காரணமானவற்றைச் சைவ ஆசிரியர்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

நியாய நூலார் இருளை ஒளியின் இன்மை என்பர். சைவசித்தாந்த ஆசிரியர்கள் அறியாமையை அங்ஙனம் இன்மையென்று கொள்ள உடன்படார். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம், செம்பிற் களிம்புபோல் உள்ளதொரு பொருளே என்பது அவர் துணிபு. திருவருட்பயன் அருளிய உமாபதி சிவாசாரியர் இன்னும் ஒருபடி மேற்சென்று, புறவிருள் பிறபொருள்களை மறைத்தாலும் தான் இருத்தலைக் காட்டிநிற்கும், அகவிருளோ தன்னையுங் காட்டாது என வேறுபடுத்தினார். இதனை மாணாக்கருக்குப் பலமுறை சொல்லியிருக்கின்றோம். உலகியலில் இதற்கோர் ஒப்புமை அகப்படுமென்று அப்பொழுது நினைத்தோமில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் முன்னரே கூறிவிடல் வேண்டும். ஆணவம் அநாதி, நாம் ஈண்டுச் சொல்லப்புகும் மறைப்போ தேதியிட்டுக் கையொப்பம் வைத்த கடிதங்களாற் செய்யப்பட்டது.

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு இத்தகைய மறைப்புப் புதிதன்று. ஒரு காலத்தில் நம் மக்களுள் மிகப் பலர் இரத்தம் வற்றி, முகம் வெளுத்து, மலையேற மாட்டாது இளைத்தனர். மண்ணிற் கிடந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் கொக்கிப்புழுவே அதற்குப் பெருங்காரணமென்பதும், மலங்கழிக்கத் தக்க இடம் இருந்தால் அது குறையும் என்பதும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வைத்தியர் அறிந்தவை. 1916 ஆம் ஆண்டு அமெரிக்க ராக்பெல்லர் அறநிலையத்தார் இலங்கையில் இப்புழுவை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கினர். மருந்து கொடுப்பதற்குத் துரைமார் பெரிதுந் தடை சொல்லவில்லை. கக்கூசு கட்டுவதற்குத்தான் பலர் தடை சொன்னார்கள். கட்டிக் கொடுத்தாலும் கூலிகள் அதனைப் பயன்படுத்தமாட்டார்கள், அது அவர்கள் வழக்கம் என்றார்கள். செலவைத் தவிர்க்க விரும்பியவர் தம் விருப்பத்துக்கு ஏழையின் அறியாமையைப் பெயராக வைத்தனர். அறிவிலார் என்று யாரேனும் ஒரு கூட்டத்தாரைச் சுட்டும்போதெல்லாம், அங்ஙனஞ் சுட்டுவதால் எவருக்குப் பணம் மிச்சப்படுகின்றது என்று கேட்கும் பழக்கம் நமக்கு அதிலிருந்து வந்தது.

இனி நம் தலைக்குமேல் உள்ள பொருளுக்கு வருவோம்.

பழைய லயங்களின் கூரை தகரம். பின்னர்க் கட்டப்பட்ட வீடுகளிலும் பாடசாலைகளிலும் பலவற்றின் கூரை, கடைத்தெருவில் அஸ்பெஸ்டோஸ் சீட் என வழங்கும் கல்நார்த் தகடு. கல்நார் மலையினின்றும் வெட்டியெடுக்கப்படும் ஒருவகைக் கனிமம், கல்லாயிருந்தும் பஞ்சுபோல நாராகப் பிரியும், தீயில் வேகாது. சீமெந்துடன் கலந்து அழுத்தினால் மெல்லிய, உறுதியான தகடாகும். விலை குறைவு, மழை விழும் ஓசையும் தகரத்தைவிடக் குறைவு, உவாவின் கச்சான் காலத்து வெயிலில் தகரத்தைப்போலக் கொதிப்பதுமில்லை. இக்குணங்களை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அத்தகட்டை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத நார்த்துகள்கள் காற்றிற் கலக்கின்றன. மூச்சோடு உட்சென்றவை நுரையீரலிற் பல்லாண்டு தங்குகின்றன. இருபது, முப்பது, சிலருக்கு நாற்பதாண்டு சென்றபின் நுரையீரல் தழும்பேறி இறுகும் நோயாகவும், நுரையீரற் புற்றாகவும், நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் மீசோதெலியோமா என்னுங் கொடும் புற்றாகவும் கேடு வெளிப்படுகின்றது. இந்த நீண்ட இடைவெளியை நினைவிற் கொள்க. வாணிகர்க்கு அதனினும் நல்ல துணை வேறில்லை. பாம்பு கடித்து அன்றே ஒருவன் இறப்பின் பாம்பை யாரும் நல்லதென்னார். முப்பதாண்டு கழித்து இறப்பின், அவன் இறந்தது பீடியாலோ முதுமையாலோ விதியாலோ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

1924 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்துக் கல்நார் ஆலையில் நூற்புவேலை செய்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் முப்பத்துமூன்று வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலைச் சோதித்த வைத்தியர் குக், கல்நார்த் தூசியே காரணமென எழுதினார். 1930 இல் அந்நாட்டு அரசாங்கத்தின் விசாரணை அறிக்கையும், 1931 இல் ஆலைத்தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகளும் வந்தன. அஃதாவது, அறிவு வந்துவிட்டது. அதன்பின் நடந்ததே நாம் கூறவந்த செய்தி.

1935 இல் அமெரிக்கக் கல்நார்க் கம்பெனி ஒன்றின் தலைவரான சம்னர் சிம்ப்சன், மற்றொரு பெருங்கம்பெனியின் வழக்கறிஞரான வாண்டிவர் பிரவுனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்நோயைப்பற்றி எவ்வளவு குறைவாகப் பேசப்படுமோ அவ்வளவுக்குத் தமக்கு நன்று என்பது அதன் கருத்து. பிரவுனும் உடன்பட்டார். அக்கடிதங்கள் வழக்குமன்றத்தின் வாயிலாக வெளிப்பட 1977 ஆம் ஆண்டு ஆயிற்று. இதனிடையே நியூயார்க் மாநிலத்துச் சாரனாக் ஆய்வுக்கூடத்தில் லீராய் கார்ட்னர் என்னும் ஆராய்ச்சியாளருக்குக் கல்நார்க் கம்பெனிகள் பொருளுதவி செய்தன. முடிவுகள் தம் உடைமை, தம் இசைவின்றி அவற்றை வெளியிடலாகாது என்பது உடன்படிக்கை. 1943 இல் அவர் தம் சோதனைச் சுண்டெலிகளுட் பெரும்பாலானவற்றின் நுரையீரலிற் புற்றுக்கட்டி கண்டார். 1946 இல் அவர் இறந்தார். 1951 இல் அவ்வாராய்ச்சி அச்சேறியபோது புற்றுக்கட்டி பற்றிய பகுதி அதில் இல்லை. 1955 இல் ரிச்சர்டு டால் என்னும் வைத்திய அறிஞர், நெல்லி கெர்ஷா வேலை செய்த அதே ராச்டேல் ஆலையின் தொழிலாளரிடையே நுரையீரற் புற்று மிகுந்திருத்தலைக் கணக்கிட்டு எழுதினார். அதனை வெளியிடாதிருக்கும்படி ஆலையார் முயன்றனர். டால் இணங்கவில்லை. 1960 இல் தென்னாபிரிக்காவிலிருந்து வாக்னர் முதலியோரின் ஆய்வு வந்தது. நீலக் கல்நார்ச் சுரங்கங்களின் அயலில் வாழ்ந்தவர்களும், சுரங்கத்துள் ஒருநாளும் வேலை செய்யாதவர்களுங்கூட மீசோதெலியோமாவுக்கு இரையாயினர் என்பதை அது காட்டிற்று.

இவ்வரலாற்றில் எவரும் அறிவைப் பெறத் தவறினாரல்லர். பெற்ற அறிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். செம்பிற் களிம்பு தானே உண்டாவது. இக்களிம்பைச் சம்பளங்கொடுத்துப் பூசினர்.

பூட்டிவைக்க இயலாத நிலை வந்தபொழுது வேறொரு வழி வேண்டியதாயிற்று. அதனைச் செவ்வையாகக் கற்பித்தவர் சிகரெட்டு வாணிகர். புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டபின், 1954 ஜனவரியில் அமெரிக்காவின் நானூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் அவர்கள் ஒரே அறிக்கையை விளம்பரமாக இட்டனர். ‘எங்கள் பண்டம் தீங்கற்றது’ என்று வெறுமனே சாதிப்பதோடு அமையாது, அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை, மேலும் ஆராய்தல் வேண்டும், அதற்கு நாங்களே பொருளுதவுவோம் என்றனர். 1969 இல் ஒரு சிகரெட்டுக் கம்பெனியின் உட்குறிப்பு, தாங்கள் ஆக்கிக் கொடுக்கும் சரக்கு ஐயமே என்று ஒளிக்காமல் எழுதியது. அமெரிக்க வரலாற்றாசிரியர் இராபர்ட் பிராக்டர், அறியாமை எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதனை ஆராயும் துறைக்கு அக்னோடாலஜி என்று பெயரிட்டது இத்தகைய ஆவணங்களைப் படித்தபின்னரே.

ஈண்டு ஆசிரியராகிய நமக்கு ஒரு சங்கடம் எழுகின்றது. ஐயுறுதல் குற்றமா? ஐயுறாத மாணாக்கனை நாம் மெச்சுவதில்லை. விஞ்ஞானமே ஐயத்தால் வளர்ந்தது. அவ்வாறாயின் ‘இன்னும் ஆராய்தல் வேண்டும்’ என்றவர் செய்த பிழைதான் யாது?

நம் அளவை நூல்கள் ஐயக்காட்சிக்கு மாலை மங்கலிற் குற்றியோ மகனோ என்று மயங்குதலை எடுத்துக்காட்டுவர். மயங்கியவன் என்ன செய்வான்? அருகிற் சென்று பார்ப்பான். அன்றி ஒரு கல்லை எறிந்தேனும் பார்ப்பான். ஐயம் அவனை நடக்கச் செய்கின்றது. பொருளை அணுகியவுடன் தான் ஒழிகின்றது. கூலிக்கு எழுப்பிய ஐயமோ அருகிற் போகாதபடி காலைக் கட்டுவது. ஒருவன் போய்ப் பார்த்து வந்து அது மகன்தான் என்றால், போதாது, இன்னும் நூறுபேர் பார்க்கட்டும் என்பர். நூறுபேர் பார்த்துவந்தால், அவர்கள் சென்ற வேளை சரியில்லை என்பர். என்ன சான்று காட்டினால் தங்கள் ஐயம் தீரும் என்பதை மட்டும் ஒருபோதுஞ் சொல்லார். மாணாக்கன் ஐயத்தையும் வாணிகன் ஐயத்தையும் பிரித்தறிய இந்த ஒரு வினாவே நமக்குப் போதுமானதாய் இருந்துவருகின்றது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இவர்கள் பலவிடத்துப் பொய் சொல்லவில்லை. புகைத்தவர் எல்லாரும் புற்றால் இறப்பதில்லை என்பது உண்மை. நீலக் கல்நார் வெள்ளைக் கல்நாரினும் கொடிதென்பதும் உண்மை. உண்மையைச் சொன்னவனைப் பொய்யன் எனல் கூடுமா? வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் வகுத்தபோது, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு சொல்லுதல் என்று நிறுத்தினாரல்லர். பிறர்க்குத் தீமை சிறிதும் பயவாத சொல்லையே வாய்மை என்றார். இளமையில் இவ்விலக்கணம் நமக்கு நெகிழ்ந்ததாகத் தோன்றியது. இப்பொழுது அதன் கூர்மை தெரிகின்றது. நீலம் வெள்ளையினும் கொடிது என்ற சொல்லைக் கேட்டவன் ‘ஆகவே வெள்ளை தீங்கற்றது’ என்று எண்ணி வாளை எடுப்பான் என்று தெரிந்தே சொல்லுவானாயின், அச்சொல் உண்மையாயிருந்தும் வாய்மையன்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், வெள்ளை உட்படக் கல்நாரின் எல்லா வகையும் மனிதருக்குப் புற்று விளைப்பவை என்று 1977 இலேயே கூறி, 2012 இலும் வலியுறுத்தியது. ஆயினும் அபாயமான இரசாயனங்களின் வாணிகம் பற்றிய ரொட்டர்டாம் உடன்படிக்கைப் பட்டியலில் வெள்ளைக் கல்நாரைச் சேர்க்கும் முயற்சி, ஒருமித்த உடன்பாடு வேண்டும் என்ற விதியைக் கைக்கொண்டு அதனை விற்கும் சில நாடுகளாலும் வாங்கும் சில நாடுகளாலும் பலமுறை தடுக்கப்பட்டது. அப்பட்டியல் வாணிகத்தைத் தடைசெய்வதுகூட அன்று. வாங்கும் நாட்டுக்கு முன்னறிவித்து இசைவு பெறுக என்பதே. அறிவித்தலையே எதிர்த்தனர் என்பதைக் கவனிக்க.

இவையெல்லாம் கடல்கடந்த கதை என்பார்க்கு 2017 டிசம்பரை நினைவூட்டுவோம். இலங்கை அரசாங்கம் 2018 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கல்நார் இறக்குமதியைத் தடைசெய்யத் தீர்மானித்திருந்தது. உலகில் வெள்ளைக் கல்நாரை மிகுதியாகத் தோண்டி விற்கும் நாடு ரஷ்யா. நம் தேயிலையை மிகுதியாக வாங்கிவந்த நாடுகளுள் ஒன்றும் ரஷ்யா. அம்மாதத்தில், இலங்கைத் தேயிலைச் சரக்கொன்றிற் கப்ரா வண்டு ஒன்று காணப்பட்டதென்று கூறி, நம் தேயிலை முழுவதையும் ரஷ்யா நிறுத்திவைத்தது. அது தானியம் தின்னும் வண்டு. தேயிலை தின்னும் வண்டன்று. கொழும்பிற் கலக்கம் உண்டாயிற்று. கல்நார்த் தடை ஒத்திவைக்கப்பட்டது. மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கிற்று. வண்டுக்கும் கல்நாருக்கும் உள்ள உறவை விலங்கு நூல் வல்லார் சொல்ல அறியார். அன்றைய இலங்கைப் பத்திரிகைகள் இரண்டையும் இணைத்தே எழுதின.

அந்நாட்களில் நம் அயலில் இதனைப்பற்றி யாருடனும் பேசமுடியவில்லை. கொழுந்து விற்காவிட்டால் வேலைநாள் குறையும். வேலைநாள் குறைந்தால் அடுப்பு எரியாது. தடையை ஒத்திவைத்தது தவறு என்று கொழுந்து பறிக்கும் ஒரு தாயிடம் கூறுவதற்கு நமக்கு நா எழவில்லை. பறிப்பவரும் அவரே, அத்தகட்டின்கீழ் உறங்குபவரும் அவரே. தம் ஆயுளையும் தம் பிழைப்பையும் ஒரே தராசின் இரு தட்டிலும் வைத்துவிட்டு, நிறுக்கும் கோலை மட்டும் பிறர் கையிற் கொடுத்திருப்பவர் நம் மக்கள். அறியாதிருத்தலே அவருக்கு ஆறுதலாகுமாறு செய்தமைதான் இவ்வாணிகத்தின் மிகப் பெரிய கொடுமை என்பது நம் கருத்து. கேட்டை விற்றவன் நிற்க, கேடுற்றவரே அதனைப் பேசவேண்டாமென்கின்றார்.

நாமும் இதிற் குற்றமற்றவரல்லேம். 2008 ஆம் ஆண்டளவில், கடையொன்றில் நாட்காட்டியுடன் சேர்த்துக் கொடுத்த வண்ணத்தாள் ஒன்று நம் கைக்கு வந்தது. நீலக் கல்நாரே கேடு, இப்போது விற்கும் தகட்டில் இருப்பது வெள்ளை, அஞ்சவேண்டுவதில்லை என்று அது கூறியது. படங்களும் இருந்தன. பத்தாம் வகுப்பு விஞ்ஞான பாடத்தில் அதனை அப்படியே வாசித்துக் காட்டினோம். யார் அச்சிட்டார், எதன்பொருட்டு அச்சிட்டார் என்று பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆசிரியர் வாயிலிருந்து வந்தமையால் அத்தாளுக்கு அது முன் பெறாத மதிப்பு வந்தது. விளம்பரகாரருக்குச் செலவின்றிக் கிடைத்த பிரசாரகர் நாமாயினோம்.

இதனை உணர்ந்தபின் எதிர்த்திசையிற் பாயும் ஆசை ஒன்று எழும். அறிஞரெல்லாம் விலைபோனவர், ஆராய்ச்சியெல்லாம் பொய், பழையபடி நம் கண்டதே காட்சி என்று இருந்துவிடலாம் என்பதே அது. ஐயம் விற்பவர் விரும்புவதும் அதுவேயாம். கார்ட்னருக்குக் கூலி கொடுத்தவரும் ஆராய்ச்சியையே பயன்படுத்தினர். டாலும் வாக்னரும் அம்மறைப்பைக் கிழித்ததும் ஆராய்ச்சியாலேதான். இயற்கை என்ற பெயரைச் சொல்லி 2021 இல் செயற்கை உரத்தை ஒரேயடியாகத் தடுத்தபோது வேளாண்மை அறிந்தோர் எச்சரித்தனர்; செவிசாய்ப்பாரில்லை; அவ்வாண்டு முடிவதற்குள் தடையை நீக்கினர்; இழப்பில் ஒரு பங்கை நம் தேயிலை மலைகளும் சுமந்தன. அறிவை மூடுதற்கு இலாபம் ஒன்றே தூண்டுகோல் அன்று.

அச்சத்தை மிகைப்படுத்துதலும் ஒருவகைத் திரிபே. ஆகவே மாணாக்கரிடம் இப்பொழுது நாம் சொல்வது இவ்வளவு: உடையாத தகட்டின்கீழ் உறங்குதலும், அதனை அறுக்கும் தூசியை உண்ணுதலும் ஒன்றல்ல. ஓட்டை போடாதே, பாசியை உலர்ந்த கம்பித்தூரிகையாற் சுரண்டாதே, காற்றில் உடைந்த துண்டுகளை மிதித்து நொறுக்காதே, வழியிற் கொட்டி நிரப்பாதே, அவசியம் கைவைக்க வேண்டின் நன்கு நனைத்துக் கைவை, வெட்டியவன் உடுத்திய துணியை வீட்டுத் துணியோடு உதறாதே.

அன்று அந்தப் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுள் ஒருவர் கூரை வேலைக்குப் போனார். சென்ற மாதம் பசறை வீதியிற் சந்தித்தோம். முடிமேலும் புருவத்தின்மேலும் வெண்டூசி படிந்திருந்தது. தாளைப்பற்றிச் சொல்லி, நாம் கற்பித்தது தவறு என்றோம். அவர் சிரித்தார், பின்னர்ச் சிரிப்பை நிறுத்தி, “அப்படியானால் இதுவரை வெட்டியது, சேர்?” என்றார். உட்சென்றதை எடுக்க வழியில்லை, இனிச் செல்வதைக் குறைக்கலாம், கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரற் புற்றின் அபாயம் பன்மடங்காகும், ஆதலாற் பீடியையாவது இன்றே விடுக என்றோம். தகட்டை நனைத்து வெட்டச் சம்மதித்தார். வேலை நடக்கும் லயத்துக்குப் பீலி மிகவும் கீழே இருக்கின்றதாம். தண்ணீர் சுமக்கும் நேரத்துக்குக் கூலி தருவதற்கு வேலையை ஏற்றவர் மறுக்கின்றாராம். அவரிடம் பேசுவதற்கு வரும் ஞாயிற்றுக்கிழமை நாமும் உடன்செல்வதாக இருக்கின்றோம்.